கட்சிச் சின்னம் இல்லாத சீட்டில் ஆச்சி ஏன் மூன்று நாள் யோசித்தாள்? ஊராட்சித் தேர்தல், பொதுவாக்கெடுப்பு, பிரச்சாரம் பற்றி ஒரு கேள்வி

கன்னடியன் கால்வாய் எழுதியது:

வணக்கம். பாளையங்கோட்டையில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் சேரன்மகாதேவி பக்கம். ஆய்வேட்டுக்குத் தலைப்பு இன்னும் முடிவாகவில்லை. தேர்தல் பிரச்சாரம் ஒருவருடைய ஓட்டை உண்மையிலேயே மாற்றுகிறதா என்பதுதான் பல மாதமாக எனக்குள் ஓடுகிற கேள்வி.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 2021 அக்டோபரில் ஊராட்சித் தேர்தல் வந்தது. தென்காசி மாவட்டம் பிரிந்ததால், மற்ற ஊர்களில் 2019 டிசம்பரில் நடந்தது நமக்குத் தள்ளிப்போய் அப்போதுதான் நடந்தது. ஆச்சியைக் கைப்பிடித்து பூத் வாசல் வரை நான்தான் கூட்டிப் போனேன். நான்கு சீட்டு கொடுத்தார்கள். வார்டுக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். பச்சையிலும் மஞ்சளிலும் கட்சிச் சின்னம் இருக்கும். அந்த இரண்டைப் பற்றி ஆச்சி ஒரு பொழுதுகூட யோசித்ததில்லை. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அவளுக்கு ஒரே சின்னம்தான். தலைவர் சீட்டில் இருந்ததோ பூட்டு சாவியும் ஆட்டோவும் கத்தரிக்காயும். அதற்காக மூன்று நாள் தூக்கமில்லாமல் கிடந்தாள். யார் வாசலில் வந்து நின்றார்கள், யார் வரவில்லை, வாய்க்கால் படித்துறையில் என்ன பேச்சு, யாருடைய அப்பா எந்த மழையில் யாருக்கு நெல் கொடுத்தார் என்று எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுப் பார்த்தாள். கடைசி ராத்திரி மனதை மாற்றிக்கொண்டாள்.

ஒரே ஆள், ஒரே முத்திரை, ஒரே பத்து நிமிடம். இரண்டு சீட்டுக்கும் இரண்டு விதமாக முடிவெடுத்தாள். வெளிநாடுகளில் நடக்கும் பொதுவாக்கெடுப்புகளைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு அந்த இளஞ்சிவப்புச் சீட்டுதான் ஞாபகம் வருகிறது. அங்கேயும் சீட்டில் கட்சி கிடையாது, கேள்வி மட்டும்தான். இதை ஒப்பிட்டு எழுதலாமா? வழிகாட்டிப் பேராசிரியர் "ஒப்பீடு ரொம்பத் தூரம்" என்கிறார்.


பாளை வாத்தியார் எழுதியது:

எழுது மகளே. முப்பது வருஷத்துக்கு மேல் தேர்தல் பணி பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், நல்ல கேள்வி இது.

சின்னம் எப்படி இவ்வளவு ஆழமாக இறங்கியது என்று முதலில் பார்க்க வேண்டும். 1952 பொதுத்தேர்தலில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி. பெட்டியில் சின்னம் ஒட்டியிருக்கும், சீட்டில் ஒன்றும் இருக்காது. பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். 1957-லும் அதே முறை. சீட்டில் முத்திரை குத்தும் முறை பொதுத்தேர்தலுக்கு 1962-ல்தான் வந்தது. எழுத்து தெரியாத எங்கள் அப்பாவைப் போன்றவர்கள் அந்தப் பெட்டிகளின் வழியாகத்தான் அரசியலைப் பிடித்துக்கொண்டார்கள். பெட்டிக்குப் பெட்டி சின்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் போட்டேன் என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பிடிப்பு மகனுக்கு வந்தது, மருமகளுக்கு வந்தது. உன் ஆச்சி பச்சைச் சீட்டில் யோசிக்காததற்குப் பின்னால் இப்படி ஒரு நீண்ட கதை இருக்கும்.

அதற்காக, சின்னம் இருக்கும் தேர்தலில் பிரச்சாரம் வீண் என்று எழுதிவிடாதே. 2016-ல் நம் ராதாபுரம் தொகுதியில் வித்தியாசம் 49 ஓட்டு. நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியர்கள் சான்றொப்பம் போட்டது செல்லாது என்று 203 தபால் ஓட்டைத் தள்ளினார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் போய், 2019 அக்டோபரில் தபால் ஓட்டையும் கடைசி மூன்று சுற்றையும் திரும்ப எண்ணச் சொன்னார்கள். எண்ணியும் முடித்தார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 49 ஓட்டு என்றால் ஒரு தெரு. ஒரு தெருவில் ஒரு சாயங்காலம் பேசிய பேச்சு ஒரு சட்டமன்ற உறுப்பினரைத் தீர்மானித்துவிடும்.


புள்ளிவிவரம் எழுதியது:

உங்கள் பேராசிரியர் தூரம் என்று சொல்வது எனக்கு மிகப் பக்கமாகத் தெரிகிறது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்தத் துறையின் தொடக்க ஆய்வுகளில் ஒன்று அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் ஈரி மாவட்டத்தில் 1940-ல் நடந்தது. பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவருடைய சகாக்களும் அதிபர் தேர்தலை முன்னிட்டு 600 பேரைத் தேர்ந்து, மே முதல் நவம்பர் வரை அதே ஆட்களையே திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். வானொலியும் பத்திரிகையும் மக்களைப் புரட்டிப் போடுவதைப் பார்க்கலாம் என்று எதிர்பார்த்துப் போனவர்களுக்கு வேறு விஷயம் கிடைத்தது. கட்சி மாறியவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலோரிடம் பிரச்சாரம் ஏற்கெனவே இருந்த சாய்வைத்தான் இறுக்கியது. செய்தியும் நேராக எல்லோரையும் போய்ச் சேரவில்லை. ஊரில் நாலு விஷயம் தெரிந்தவர் என்று பெயரெடுத்த ஒருவர் படித்துவிட்டு வந்து சொல்ல, அவர் வழியாக மற்றவர்களுக்குப் போனது.

அப்புறம் 2018-ல் காலா, ப்ரூக்மேன் என்ற இருவர் அமெரிக்கத் தேர்தல்களில் நடந்த 49 களச் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். வீடு வீடாகப் போவது, கடிதம், தொலைபேசி, விளம்பரம் என்று எதை எடுத்தாலும், கட்சி வேட்பாளர்கள் மோதும் பொதுத்தேர்தலில், தேர்தல் நெருங்கிய நாட்களில், ஒருவரை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு இழுக்கும் சக்தி சராசரியாகப் பூஜ்யம் என்று வந்தது. அதே ஆய்வில் விலக்கும் இருக்கிறது. சீட்டில் கட்சி அடையாளம் இல்லாத இடங்களில், அதாவது ஒரே கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலிலும் ஒரு கேள்வியை முன்வைத்து நடக்கும் வாக்கெடுப்பிலும், பிரச்சாரம் பலித்தது.

உங்கள் ஆச்சியின் பச்சைச் சீட்டும் இளஞ்சிவப்புச் சீட்டும் இந்த முடிவின் இரண்டு பாதிகள். அமெரிக்காவில் இதைப் பார்க்க வேறு வேறு தேர்தல்களை ஒப்பிட வேண்டியிருந்தது. நம் ஊரில் ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டையும் செய்கிறார். இவ்வளவு வசதியான ஆய்வுக்களம் எல்லோருக்கும் கிடைக்காது.


திசையன்விளை எழுதியது:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். சின்னம் இல்லையென்றால் கட்சி இல்லை என்று யார் சொன்னது? பூட்டு சாவியில் நிற்பவர் யார் ஆள் என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கட்சியைவிடப் பெரிய அடையாளமும் இருக்கிறது. எந்தத் தெரு, எந்தக் கோயிலுக்கு வரி கொடுப்பவர் என்பது. எங்கள் பக்கம் தலைவர் ஓட்டு பாதிக்கு மேல் அதில்தான் விழும். கோயில் கொடை விழாவுக்காகக் கூடும் ஊர்க்கூட்டத்திலேயே தேர்தலும் முடிந்துவிடும் ஊர்கள் உண்டு. யார் அதிகத் தொகை தருகிறாரோ அவருக்குத் தலைவர் பதவி என்று ஏலம் விட்டு, "போட்டியின்றித் தேர்வு" என்று எழுதிக்கொள்ளும் ஊர்களும் தென் மாவட்டங்களில் உண்டு. அங்கே எந்தப் பிரச்சாரத்தை ஆராய்வீர்கள்?

ஊர் ஒருமனதாக முடிவெடுத்தது என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பதறும். மதுரைப் பக்கம் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் தலைவர் பதவி தலித்துகளுக்கு என்று 1996-ல் ஒதுக்கியதும், பத்து வருஷம் அங்கே முறையான தேர்தலே நடத்த முடியவில்லை. 2006-ல்தான் நடந்தது. அதுவரை நடத்தவிடாமல் வைத்திருந்ததும் ஊரின் ஒருமனதான முடிவு என்றுதான் சொல்லப்பட்டது. உங்கள் ஆய்வில் பயத்துக்கு ஒரு இடம் வையுங்கள்.


கன்னடியன் கால்வாய் எழுதியது:

திசையன்விளை அண்ணாச்சி, நீங்கள் சொன்னதை அப்படியே நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். எங்கள் ஊரிலும் தெருக் கணக்கு உண்டு. 2021-ல் எங்கள் தெருவிலிருந்தே இரண்டு பேர் நின்றார்கள். அதனால்தான் ஆச்சி தவித்தாள் என்று இப்போது தோன்றுகிறது. தெருவும் உதவவில்லை, கட்சியும் உதவவில்லை என்று ஆனபிறகுதான் வந்து பேசியவர்களின் பேச்சு அவள் காதில் விழுந்திருக்கிறது.


எடின்பரோ நெல்லை எழுதியது:

தங்கச்சி, நான் ஸ்காட்லாந்தில் ஆஸ்பத்திரி வேலையில் இருக்கிறேன். சொந்த ஊர் வீரவநல்லூர். காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் அங்கே தங்கியிருந்தால் ஓட்டு உண்டு என்பதால் 2014 செப்டம்பர் 18-ல் ஸ்காட்லாந்து தனி நாடாகலாமா என்ற வாக்கெடுப்பில் நானும் ஓட்டுப் போட்டேன். புத்தகத்தில் வராத சில விஷயம் சொல்கிறேன்.

இரண்டு வருஷம் அந்த ஒரே பேச்சு. தொடக்கத்தில் கருத்துக்கணிப்புகளில் ஆதரவு மூன்றில் ஒரு பங்கு அளவில்தான் இருந்தது. ஓட்டு எண்ணியபோது 44.7 சதவீதம். நம் ஊரில் ஒரு கட்சி இரண்டு வருஷத்தில் இவ்வளவு ஏறினால் அலை என்போம். என் வார்டில் கூட வேலை பார்த்த ஒரு அம்மா, வாழ்க்கை முழுக்க ஒரே கட்சிக்குப் போட்டவர், அந்தக் கட்சி "வேண்டாம்" என்று சொன்னபோது "வேண்டும்" என்று போட்டார். அடுத்த நாள் வந்து அழுதார். 84.6 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். 16 வயதுப் பிள்ளைகளுக்கும் ஓட்டு இருந்தது. வீட்டில் பிள்ளைகள் பெற்றவர்களைக் கேள்வி கேட்டு மடக்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

நீ கவனிக்க வேண்டியது இதுதான். கேள்வியை முதலில் "ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று எழுதியிருந்தார்கள். தேர்தல் ஆணையம் அதை ஆட்களிடம் படித்துக் காட்டிச் சோதித்துப் பார்த்து, "ஒப்புக்கொள்கிறீர்களா" என்று கேட்டாலே ஆமாம் என்று சொல்லத் தோன்றுகிறது என்று அதை வெட்டச் சொன்னது. 2016-ல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவது பற்றிய வாக்கெடுப்பிலும் அப்படித்தான். "இருக்க வேண்டுமா, ஆமாம், இல்லை" என்று இருந்ததை மாற்றி, "இருக்க வேண்டும், விலக வேண்டும்" என்று இரண்டையும் சீட்டில் சமமாக வைத்தார்கள். 51.9 சதவீதம் விலகல். கேள்வி பழையபடி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு எனக்கு இன்றைக்கும் போகவில்லை.


கொழும்புப் பேரன் எழுதியது:

அக்கா சொன்னதைப் படித்ததும் எங்கள் தாத்தா சொன்ன குடமும் விளக்கும் ஞாபகம் வந்தது. தாத்தா கொழும்பில் கடை வைத்திருந்து திரும்பியவர். இலங்கையில் 1982 டிசம்பர் 22-ல் சர்வசன வாக்கெடுப்பு நடந்தது. பொதுத்தேர்தல் நடத்தாமல் இருக்கும் பாராளுமன்றத்தின் ஆயுளையே இன்னும் ஆறு வருஷம் நீட்டலாமா என்பது கேள்வி. "ஆம்" என்றால் விளக்கு, "இல்லை" என்றால் குடம். நம் நாட்டில் வீட்டுக்கு முதலில் வருவது எது? குத்துவிளக்கு. இருட்டில் விளக்கை வேண்டாம் என்று யார் சொல்வார்? தாத்தா இதைச் சொல்லிச் சொல்லி வருத்தப்படுவார். நீட்டலாம் என்று 54.7 சதவீதம் வந்தது. யாழ்ப்பாணத்தில் மிகப் பெரும்பான்மை குடத்துக்கு விழுந்தது. அந்தத் தமிழர்களின் "இல்லை" மொத்தக் கணக்கில் கரைந்துபோனது. அடுத்த வருஷம் ஜூலையில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

பொதுவாக்கெடுப்பு என்றாலே மக்களின் குரல் என்று எழுதிவிடாதீர்கள். யார் கூப்பிடுகிறார்கள், எதைத் தவிர்ப்பதற்காகக் கூப்பிடுகிறார்கள் என்று பாருங்கள்.


பாளை வாத்தியார் எழுதியது:

நம் நாட்டிலும் வாக்கெடுப்பு நடந்திருக்கிறது மகளே, அதையும் ஒரு அத்தியாயமாக வை. நம் அரசியலமைப்பில் பொதுவாக்கெடுப்புக்கு வழி சொல்லவில்லை என்றாலும் சேர்வதா பிரிவதா என்ற கட்டங்களில் நடத்தியிருக்கிறார்கள். 1948 பிப்ரவரியில் ஜூனாகத். 1975-ல் சிக்கிம். தமிழ் பேசும் புதுச்சேரியில் 1954 அக்டோபர் 18-ல் கீழூர். அங்கே மக்கள் நேரடியாகப் போடவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் 178 பேர் போட்டார்கள், 170 பேர் இந்தியாவுடன் இணைய, 8 பேர் எதிராக.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது கோவா. 1967 ஜனவரி 16. மகாராஷ்டிரத்தோடு சேர்வதா, யூனியன் பிரதேசமாகத் தனியே இருப்பதா என்பது கேள்வி. சேர்வதற்குப் பூ, தனியே இருப்பதற்கு இரட்டை இலை. நம் இரட்டை இலைக் கட்சி பிறப்பதற்கு ஐந்து வருஷம் முன்பு. ஆட்சியில் இருந்த முதல்வர் பந்தோட்கரின் கட்சி சேர்க்கையை நோக்கமாகவே வைத்துத் தொடங்கிய கட்சி. வாக்கெடுப்பு நியாயமாக நடக்க வேண்டும் என்று அவருடைய அமைச்சரவை முன்னதாகவே விலகியது. தனியே இருக்க 1,72,191 ஓட்டு, சேர 1,38,170. கட்சியின் உயிர்க் கொள்கை தோற்றது. இரண்டே மாதத்தில் சட்டமன்றத் தேர்தல் வந்தது. 30 இடத்தில் 16 பிடித்து அதே கட்சி ஜெயித்தது, பந்தோட்கரே திரும்ப முதல்வர்.

அந்தக் கோவாக்காரர்களை நினைத்துப் பார். உன்னை ஆளவிடுகிறோம், ஆனால் இந்தக் காரியத்தில் நீ சொல்வதைக் கேட்க மாட்டோம் என்று இரண்டு தனித்தனிச் சீட்டில் சொன்னார்கள். நம் தேர்தலில் அந்த இரண்டையும் ஒரே பொத்தானில் அழுத்தச் சொல்கிறோம்.


திசையன்விளை எழுதியது:

வாத்தியார் சொன்ன கடைசி வரியில்தான் எங்கள் வலி இருக்கிறது. ராதாபுரம் தாலுகாக்காரன் நான். கூடங்குளம் அணுமின் நிலையம் வேண்டுமா என்று எங்களிடம் ஒருபோதும் தனிச்சீட்டு கொடுத்துக் கேட்டதில்லை. 2011 செப்டம்பரில் இடிந்தகரையில் உண்ணாவிரதம் நடந்தது. மக்களின் பயம் தீரும்வரை வேலையை நிறுத்த வேண்டும் என்று மாநில அமைச்சரவை அந்த மாதம் 22-ம் தேதி தீர்மானம் போட்டது. பிறகு சங்கரன்கோவில் இடைத்தேர்தல் வந்தது. 2012 மார்ச் 18-ல் ஓட்டுப்பதிவு. 19-ம் தேதி வேலையைத் தொடரலாம் என்று அதே அமைச்சரவை முடிவெடுத்தது. தேதிகளை மட்டும் வைக்கிறேன். தேர்தல் எப்படிச் சிலவற்றைத் தள்ளிப்போட வைக்கிறது, எப்படிச் சிலவற்றை விடுவிக்கிறது என்று யாராவது உட்கார்ந்து ஆராய வேண்டும்.

ஒடிசாவில் நியமகிரி மலையில் சுரங்கம் வேண்டுமா என்று கிராம சபைகளைக் கேட்கச் சொல்லி 2013-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 12 கிராம சபை கூடியது, பன்னிரண்டும் வேண்டாம் என்றது. சுரங்கம் வரவில்லை. அந்த வழி நம் சட்டத்திலேயே இருக்கிறது என்பதை நினைத்தால் ஆத்திரம் வருகிறது.


புள்ளிவிவரம் எழுதியது:

அண்ணாச்சி, உங்கள் ஆத்திரம் நியாயமானது. ஆய்வாக ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கிராம சபையில் கையை உயர்த்திச் சொல்ல வேண்டும். ரகசியம் கிடையாது. நியமகிரியில் எல்லோரும் ஒரே பக்கம் நின்றபோது அது பலமாக இருந்தது. ஊர் இரண்டுபட்டு நிற்கும் இடத்தில், கையைத் தூக்குபவர் யாருடைய வயலில் வேலை பார்க்கிறார் என்பது முடிவைத் தீர்மானிக்கும். நீங்களே முதலில் சொன்ன ஒருமனதுக் கதை இங்கேயும் வரும்.


திசையன்விளை எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். சீட்டு வேண்டும் என்றுதான் நானும் கேட்கிறேன்.


முக்கூடல்காரி எழுதியது:

எல்லாரும் பெரிய பெரிய நாட்டுக் கதை சொல்கிறீர்கள். படித்துச் சொல்லும் ஆள் வழியாகத்தான் செய்தி போகும் என்று புள்ளிவிவரம் எழுதியிருந்தார். அதை எங்கள் ஊரில் காட்டுகிறேன். எங்கள் அம்மா நாற்பது வருஷம் பீடி சுற்றினாள். மத்தியானம் நாலைந்து பெண்கள் ஒரு வீட்டுத் திண்ணையில் சொளவை மடியில் வைத்து உட்காருவார்கள். கை ஓடிக்கொண்டே இருக்கும், வாய் சும்மா இருக்காது. அதில் ஒருத்தி பேப்பர் படிப்பாள், அல்லது அவளுடைய மகன் ஆட்டோ ஓட்டுவான், நாலு ஊர்ச் செய்தி அவளிடம் வந்து சேரும். ஓட்டு விஷயத்தில் அந்தத் திண்ணை அவள் பேச்சைத்தான் கேட்கும். வேட்பாளர் ஜீப்பில் கும்பிட்டுக்கொண்டு போவதை யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். சாயங்காலம் பீடிக்கடையில் சுற்றிய பீடிக்கட்டுகளை ஒப்படைக்க வரிசையில் நிற்கும்போது ஒரு திண்ணை முடிவு இன்னொரு திண்ணைக்குப் போகும். உன் ஆய்வில் ஆண்கள் நிற்கும் டீக்கடையை மட்டும் வைத்துக்கொண்டு பெண்களை விட்டுவிடாதே தங்கச்சி.

இன்னொன்று. பணம். அதைப் பற்றி யாரும் இங்கே எழுதவில்லை. நீ போய் "பணம் வாங்கினீர்களா" என்று கேட்டால் எந்த வீட்டிலும் இல்லை என்றுதான் சொல்வார்கள். அது பொய் சொல்லும் குணம் என்று எழுதிவிடாதே. மானம் அது.


புள்ளிவிவரம் எழுதியது:

முக்கூடல் அக்கா சொன்ன சிக்கலுக்கு ஒரு முறை இருக்கிறது. ஆட்களைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாக்க வேண்டும். முதல் பிரிவிடம் நான்கு விஷயங்களை வாசித்துக் காட்டி, "தேர்தல் சமயத்தில் இதில் எத்தனை உங்கள் வீட்டில் நடந்தது? எண்ணிக்கை மட்டும் சொல்லுங்கள், எது எது என்று சொல்ல வேண்டாம்" என்று கேட்பது. நோட்டீஸ் கொடுத்தார்கள், கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள் என்பது மாதிரி சாதாரண விஷயங்கள். இரண்டாவது பிரிவிடம் அதே நான்கோடு ஐந்தாவதாகப் பணமோ பொருளோ கொடுத்ததைச் சேர்த்து வாசிப்பது. இரண்டு பிரிவின் சராசரிக்கும் உள்ள வித்தியாசம்தான் பணம் போன அளவு. யார் வாங்கினார் என்று கேட்டவருக்கே தெரியாது, அதனால் மானமும் போகாது. நிகரகுவா நாட்டில் 2008 உள்ளாட்சித் தேர்தலுக்குப் பிறகு இப்படிச் செய்தார்கள். நேராகக் கேட்டபோது ஆமாம் என்றவர்கள் 2.4 சதவீதம். இந்த முறையில் கேட்டபோது சுமார் 24 சதவீதம்.

ஒரு எச்சரிக்கை. நாற்பது ஐம்பது பேரை வைத்து இதைச் செய்ய முடியாது, சில நூறு பேராவது வேண்டும். முதுகலை ஆய்வுக்கு அவ்வளவு ஆளும் காசும் இருக்காது. தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், முனைவர் பட்டத்துக்கு உதவும்.


கன்னடியன் கால்வாய் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். பூத் வாரியாக ஓட்டு எண்ணிக்கை கிடைக்கும் என்று தோழி ஒருத்தி சொன்னாள். அதை வைத்து எழுதலாமா? கிராம சபைத் தீர்மானங்களை எங்கே பார்ப்பது?


பாளை வாத்தியார் எழுதியது:

சட்டமன்றம், நாடாளுமன்றம் என்றால் படிவம் 20 என்று ஒன்று இருக்கிறது. எந்த வாக்குச்சாவடியில் எந்த வேட்பாளருக்கு எத்தனை என்று முழுதும் அதில் இருக்கும். மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் போடுகிறார்கள். ஓட்டுச்சீட்டுக் காலத்தில் எண்ணுவதற்கு முன் பல பூத் சீட்டுகளைக் கலந்துவிடுவோம், எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று வெளியே தெரியாது. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க இயந்திரம் வந்தபிறகு பூத் வாரியாகவே எண்ணுகிறோம். பல இயந்திரங்களின் ஓட்டைச் சேர்த்துக் கூட்டும் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-லேயே முன்மொழிந்தது, நடைமுறைக்கு வரவில்லை. அதனால்தான் "உங்கள் தெரு எங்களுக்குப் போடவில்லை, பிறகு எதற்கு ரோடு" என்று கேட்கும் ஆட்கள் உருவானார்கள். படிவம் 20-ஐ நீ பயன்படுத்தலாம். ஆனால் ஆய்வேட்டில் ஊர்ப் பெயரையும் பூத் எண்ணையும் போடாதே. உன் எழுத்தால் ஒரு தெருவுக்குத் தண்ணீர் நின்றுவிடக் கூடாது. இதை நான் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

கிராம சபைக்குத் தீர்மானப் புத்தகம் உண்டு. கூட்டம் செல்லக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்ற கோரமும் (quorum) சட்டத்தில் இருக்கிறது. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. கையெழுத்துப் பக்கத்தை எண்ணினாலே கூட்டம் நடந்ததா, வீடு வீடாகப் போய் கையெழுத்து வாங்கினார்களா என்று ஒரு மாதிரி தெரிந்துவிடும். நான் ஒருமுறை எங்கள் பக்கத்து ஊராட்சி ஒன்றில் பார்க்கக் கேட்டபோது, நோட்டு தணிக்கைக்குப் போயிருக்கிறது என்று மூன்று மாதம் அலையவிட்டார்கள். பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்ட பிறகுதான் நகல் வந்தது. நீயும் முதல் நாளே மனு போட்டுவிடு. முப்பது நாளில் பதில் தர வேண்டும்.


எடின்பரோ நெல்லை எழுதியது:

ஒன்று சேர்த்துக்கொள் தங்கச்சி. ஓட்டு முடிந்தபிறகு போய்க் கேட்டால் எல்லோருக்கும் ஞாபகம் மாறியிருக்கும். ஜெயித்தவருக்குப் போட்டதாகவே சொல்வார்கள். இங்கே 2014-க்குப் பிறகு எனக்கே அது நடந்தது. எந்த வாரம் மனம் முடிவானது என்று யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. நடக்கும்போதே போய்க் கேள்.


கன்னடியன் கால்வாய் எழுதியது:

பேராசிரியரிடம் இந்த இழையை அச்செடுத்துக் கொடுத்தேன். கோவாவையும் அந்த 49 சோதனையையும் இரண்டு தடவை படித்தார். தலைப்புக்குச் சரி சொல்லிவிட்டார்.

செய்யப்போவது இதுதான். ஒரே ஊராட்சி. நாற்பது பேர், பாதிக்கு மேல் பெண்கள். 2021 அக்டோபரில் பொறுப்பேற்றவர்களின் ஐந்து வருஷம் 2026 அக்டோபரில் முடிகிறது. அடுத்த தேர்தல் எப்போது அறிவித்தாலும் ஈரி மாவட்டத்தில் செய்த மாதிரி அதே நாற்பது பேரிடம் மூன்று தடவை போவேன். வேட்புமனுவுக்கு முன், பிரச்சாரத்தின் நடுவில், ஓட்டுப் போடுவதற்கு முந்தின நாள். நான்கு சீட்டுக்கும் தனித்தனியாகக் கேட்பேன். மனம் மாறியிருந்தால் யார் பேச்சால் மாறியது என்று அவர்கள் வார்த்தையிலேயே எழுதிக்கொள்வேன். அதுவரை படிப்பும் கேள்வித்தாள் சோதனையும். கேள்வியை எப்படி எழுதினால் ஆமாம் என்று தலையாட்ட வைக்காது என்று முதலில் பார்க்க வேண்டும். திசையன்விளை அண்ணாச்சிக்காக ஒரு கேள்வி கட்டாயம் இருக்கும், "வேறு ஆளுக்குப் போட்டிருந்தால் யாராவது கேட்டிருப்பார்களா?" என்று.

ஆச்சியிடம் முதல் கேள்வித்தாளை வாசித்துக் காட்டினேன். "தலைவர் ஓட்டு யாருக்குப் போடலாம் என்று இருக்கிறீர்கள்" என்ற கேள்வியை நிறுத்தச் சொன்னாள். "யார் யார் வந்து கேட்டாங்கன்னு முதல்ல கேளு. அப்புறம் அவளே சொல்லுவா" என்றாள். வரிசையை மாற்றிவிட்டேன்.


முக்கூடல்காரி எழுதியது:

ஆச்சி சொன்னது சரி. கேள்வித்தாளைச் சோதித்துப் பார்க்க முக்கூடலுக்கு வா. கூலி போடும் நாளில் வந்தால் கடை வாசலில் எல்லாரையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். ஆனால் அன்றைக்குக் கேட்காதே, கணக்குப் பார்க்கும் அவசரத்தில் இருப்பார்கள். முகத்தைக் காட்டிவிட்டுப் போ. மறுநாள் மத்தியானம் எங்கள் திண்ணைக்கு வா. சொளவும் இலையும் தருகிறேன், பக்கத்தில் உட்கார்ந்து நரம்பைக் கிழித்துக்கொண்டே கேள்.